ஐந்து செடிகளுக்கு ஒரு காவல்

"சொன்னா கேளுங்க மேடம். இன்னைக்கு உங்களை உள்ள விட முடியாது. வீட்டுக்குப் போங்க."

பக்கவாட்டு கேட்டை மறைத்துக்கொண்டு சீருடையில் நின்றான் காவலாளி டுவெய்ன். வெளியே லோர்னா. நெப்ராஸ்காவில் இருக்கும் அந்த அரசாங்க விதைப் பண்ணையில் முப்பத்தொரு வருஷமாக வேலை பார்ப்பவள்.

"யாரைப் பார்த்து வீட்டுக்குப் போன்னு சொல்ற? நீ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, கழிப்பறை எந்தப் பக்கம்னு காட்டினதே நான்தான்."

"அதெல்லாம் சரி. லெட்டர் வந்துச்சா இல்லையா?"

வந்திருந்தது. வாஷிங்டனில் பட்ஜெட்டை நிறைவேற்றாமல் இழுத்தடித்து, கெடு தாண்டி, செலவுக்குப் பணமில்லாமல் மூன்று நாளாக அரசாங்கமே மூடிக் கிடந்தது. வருஷம் தவறாமல் நடக்கிற கூத்துதான். மற்ற வருஷங்களில் கடைசி நிமிஷத்தில் எதையாவது செய்து ஒப்பேற்றிவிடுவார்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை. 'அத்தியாவசியம்' என்று பட்டியல் போட்ட ஊழியர்கள் மட்டும் வரலாம், மற்றவர்கள் வீட்டில் கிடக்க வேண்டும். சம்பளமே வேண்டாம், சும்மா வந்து செய்துவிட்டுப் போகிறேன் என்றாலும் விடமாட்டார்கள். அது சட்டப்படி தப்பாம்! உழைக்கிறவளைக் குற்றவாளி ஆக்க இந்த மகராசன்களால்தான் முடியும்.

"முப்பத்தொரு வருஷம் உழைச்ச நான் அத்தியாவசியம் இல்லையாம். கேட்ல நின்னு கொட்டாவி விடற நீ அத்தியாவசியமாம். நல்லா இருக்கு போ!"

டுவெய்ன் சாலையைப் பார்த்தான்.

லோர்னாவின் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியாததா டுவெய்ன்? அம்பது வருஷமா குளிர் அறையில இருந்த சோள விதை. வேற எங்கேயும் கிடையாது. இருந்த எண்பதையும் போட்டுப் பார்த்ததுல, அஞ்சே அஞ்சுதான் முளைச்சுது. இப்போ கதிர்ல நார் வெளிய வந்துடுச்சு. இன்னைக்குள்ள மகரந்தத்தை அதுமேல உதிர்க்கலைன்னா மணி பிடிக்காது. அந்த ரகமே அத்தோட போச்சு."

"மாட்டினா வேலை போயிடும் மேடம். உங்களுக்கு பென்ஷனுக்கு இன்னும் எட்டே மாசம்."

"தெரியும்."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க. நானே செஞ்சுடறேன்."

"உன் முரட்டுக் கையை வெச்சுக்கிட்டா? நார் மொத்தமும் பிய்ஞ்சு வந்துடும்."

டுவெய்ன் பெருமூச்சு விட்டான். கேட்டின் உள்பக்கத் தாழ்ப்பாளை நீக்கினான். "பத்து நிமிஷம். விளக்கைப் போடக்கூடாது. சத்தமும் வேண்டாம்."

செடிகள் இருந்த கண்ணாடிக் குடிலுக்குள் லோர்னா நுழைந்தாள். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லாமல் செடிகள் வாடித் தொங்கும் என்று பயந்துகொண்டே போனாள். ஐந்தும் பச்சைப் பசேலென்று நின்றன. தொட்டியில் விரலை வைத்துப் பார்த்தாள். மண் ஈரமாக இருந்தது.

"யார் தண்ணி விட்டது?"

டுவெய்ன் பின்னந்தலையைச் சொறிந்தான். "சும்மாதானே இருக்கேன்னு... ரெண்டு வேளையும் ஊத்தினேன். ஜாஸ்தியாயிடுச்சோ?"

லோர்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. நாடே மறந்துபோன ஐந்து செடிகளை இவன் ஒருத்தன் நினைத்திருக்கிறானே! அவன் முதுகில் பொத்தென்று ஒரு அடி வைத்தாள்.

"அளவாத்தான் ஊத்தியிருக்கே. வா, இந்தப் பையைப் பிடி."

செடியின் உச்சிப் பூவில் காகிதப் பையை மாட்டி மெல்லத் தட்டினாள். மஞ்சள் தூள் பைக்குள் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைக் கீழே இருந்த கதிரின் நார்மேல் தூவி, கதிரைக் காகித உறையால் மூடினாள். டுவெய்ன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பையைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு செடிகள் முடிந்தன.

ஐந்தாவதில் கை வைத்தபோது வெளியே வண்டிச் சத்தம் கேட்டது.

லோர்னா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். "ரோந்து வண்டி! டுவெய்ன், நீ ஓடிப்போய் கேட்ல நில்லு. சும்மா ஒரு கையை ஆட்டு. காவலுக்கு ஆள் இருக்குன்னு அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. அதுக்குள்ள நான் இதை முடிச்சுடறேன். சீக்கிரம்!"

டுவெய்ன் அசையவில்லை. சட்டென்று தொட்டிகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தான். அவளையும் கையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"அட, நீ ஏன்யா ஒளியற? டூட்டியில இருக்கறவன் நீ!"

"ஷ்ஷ்..."

வண்டி கேட் அருகே வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, நகர்ந்து போனது. சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் டுவெய்ன் சட்டைப் பையில் கையை விட்டான். நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

லோர்னா பிரித்துப் பார்த்தாள். அவளுக்கு வந்த அதே லெட்டர். அதே முத்திரை, அதே தேதி, 'அத்தியாவசியம் இல்லாதவர்' என்ற அதே வரி.

"இந்தத் தடவை காவலும் வேண்டாம்னுட்டாங்க மேடம்" என்றான் டுவெய்ன், வெட்கத்தோடு. "மூணு நாளா நானே சுவரேறிக் குதிச்சுத்தான் வந்துட்டுப் போறேன்."