அம்மா சொல்லிட்டாங்க

"அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மந்திரியானாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று சொல்லி நிமிர்ந்த அகிலுக்கு, முன்வரிசையைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அங்கே பாக்யலட்சுமி அம்மாள். அவனுடைய முதலாளி லிங்கேஸ்வரனின் தாயார். கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நியூ லின் ஹாலில் மாதாமாதம் தமிழ்ச் சங்கக் கூட்டம். இந்த மாதம் பேசுவது அகிலின் முறை. நூலகப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்கப் பேரரசை எடுத்துக்கொண்டிருந்தான். போருக்குக் கிளம்பிய சக்கரவர்த்தி, 'என் அம்மா எழுதினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, அதுதான் சட்டம்' என்று ஆணை போட்டுவிட்டுப் போன கதை.

மனுஷனுக்கு வேறு கதையா கிடைக்கவில்லை? கிளென்ஃபீல்டில் லிங்கேஸ்வரன் நடத்தும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் இதே ஆட்சிதான். விண்டோஸ் 95 வந்த புதிதில் வேலை குவிந்தது. சம்பளம் மட்டும் ஏறவில்லை. எது கேட்டாலும் "அம்மாவைக் கேக்கணும்" என்பார். மறுநாள் "அம்மா வேணாம்னுட்டாங்க" என்பார். அம்மா பேச்சு என்று வந்துவிட்டால் எந்தத் தமிழன் மேலே வாதாடுவான்? போன மாதம் கூட வேலை பார்த்த சுந்தரமூர்த்தியின் வேலை போனதும் அப்படித்தான்.

அகிலுக்கு இந்த நாட்டிலேயே தங்கிவிடுவதற்கான ரெசிடென்ஸ் விசா இன்னும் வரவில்லை. வேலை போனால் மனைவி சிந்துவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கே திரும்ப வேண்டியதுதான்.

அந்தம்மாள் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. இன்று மருமகள் மார்கரெட்டுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. தனியாக விட முடியாது என்று லிங்கேஸ்வரன் கூட்டி வந்திருந்தார். ஹீட்டர் எரிந்தும் கோட்டைக் கழற்றாமல், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அவர்.

மிச்சப் பேச்சை மென்று விழுங்கி, ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு, அகில் ஹாலின் சமையலறைக்குள் போய்ப் பதுங்கினான். டீ கப்பை எடுத்த கை நடுங்கியது.

கதவு திறந்தது. பாக்யலட்சுமி அம்மாளேதான். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஆன்ட்டி, நான் யாரையும் மனசுல வச்சுப் பேசல. சத்தியமா."

"அந்த ஆணையை எழுதுனது யாரு தம்பி? அம்மாவா, மகனா?"

"மகன்தான் ஆன்ட்டி."

"நெனச்சேன்."

"சுந்தரமூர்த்தியை அனுப்பின மாதிரி என்னையும் அனுப்பிடாதீங்க ஆன்ட்டி. கைக்குழந்தைக்காரன்."

"சுந்தரமூர்த்தியா? அது யாரு?"

"நீங்கதானே அவரை வேலையை விட்டு எடுக்கச் சொன்னீங்க? சார் அப்படித்தானே..."

அந்தம்மாள் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். அதற்குள் மடித்து வைத்த விமான டிக்கெட்.

"ரிட்டர்ன் டிக்கெட்டு. இன்னைக்குத்தான் தேதி. ஊருக்குப் போவணும், போவணும்னு அழுதேன். இவன், நம்ம ஊரு ஈப்போவுல இருக்குற என் மககிட்ட, 'அம்மா வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க'ன்னு போன் பண்ணிட்டான். காலையில அவன் அலமாரியத் தொறந்து, ஒளிச்சு வச்சிருந்த இதை நானே எடுத்தேன்."

வெளியே லிங்கேஸ்வரனின் குரல் நெருங்கி வந்தது. "அம்மாவைப் பாத்தீங்களா?"

அந்தம்மாளின் முகம் வெளுத்தது. கார் நிறுத்தும் பக்கம் இருந்த பின்கதவைப் பார்த்தார். அகிலின் கையைப் பிடித்தபோது, அவன் கையைவிட அதிகமாக அவர் கை நடுங்கியது.

"மொத தடவையா அம்மாவே சொல்றேன் தம்பி, காரை எடு."