முதல் கேஸ்

“ஊசியைப் பாத்தாலே அந்த அருணாசலம் வெரட்டி உட்ருவாரு, சுஜிதா. ஏற்கெனவே ரெண்டு நர்சு திரும்பி வந்துட்டாங்க. நீ மட்டும் இன்னைக்குச் சுகர் டெஸ்ட் எடுத்துட்டீன்னா வேலை உனக்குத்தான்!” என்றாள் போனில் சங்கீதா.

“எடுத்துருவேங்கக்கா!” என்றாள் சுஜிதா.

வீடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் ஆபீஸ் சங்கீதாவுடையது. நர்சிங் படித்து முடித்த சுஜிதாவுக்கு இதுதான் முதல் கேஸ். இது கைவிட்டுப் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அப்பா ஏற்கெனவே அங்கே சொல்லி வைத்துவிட்டார்.

மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் வளைவுக்கு வளைவு பஸ்ஸில் எல்லோரும் கம்பியை இறுக்கிப் பிடித்தார்கள். இவள் மட்டும் புதுப் பையைக் கட்டிக்கொண்டு தனக்குத் தானே சிரித்தபடி வந்தாள். சோளக்காட்டில் இறங்கி, அருணாசலத்தின் மிளகுத் தோட்டத்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

கட்டிலில் ஒருவர் போர்த்திப் படுத்திருந்தார். பக்கத்தில், தலையில் துண்டு கட்டிய இன்னொருவர்.

“அருணாசலம் அய்யாங்களா?”

படுத்திருந்தவர் தலையை ஆட்டினார். கேட்காமலே கையையும் நீட்டினார். இவரா விரட்டுகிறவர்?

“ஊசி எவ்ளோ நீளம் கண்ணு?” என்றார் துண்டுக்காரர்.

“எறும்பு கடிச்சாப்ல இருக்குமுங்க.”

“எந்த எறும்பு? கட்டெறும்பா?”

“சித்தெறும்புங்க!”

நோயாளி பாட்டுக்குச் சும்மா இருக்க, கூட இருப்பவர் இந்தப் பாடு படுத்துகிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. விரலைத் துடைத்தாள். பஸ் கதையைச் சொல்லிக்கொண்டே டக்கென்று குத்தினாள்.

“வலிச்சுதா மாப்ள? நெசமாச் சொல்லு!” துண்டுக்காரருக்குத்தான் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“குத்துனதே தெரியல மாமா.”

ஜெயித்தாயிற்று! சுஜிதாவுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருந்தது. துள்ளலோடு மெஷினைப் பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தாள்.

“அய்யா, உங்களுக்குச் சுகரே இல்லீங்களே!”

“அவனுக்கு எப்படிக் கண்ணு இருக்கும்?” துண்டுக்காரர் தலைக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “மொளகு பறிக்கப் புது ஏணி வாங்குனாக்கூட, இந்த மச்சினனைத்தான் மொதல்ல ஏத்திப் பாப்பேன். டேய் மாப்ள, எந்திரி... நான் படுத்துக்கறேன்!”