தலைவியின் வீட்டுக்காரர்

தோட்டத்துக் கோழிகள் சுயஉதவிக் குழு தொடங்கி, புள்ளிக்கோழியைத் தலைவியாக்கின. அந்தக் கோடையில் முட்டைகளில் பாதி கூமுட்டையாகிக்கொண்டிருந்தன. அதற்கு வழி சொல்லித்தர, குளத்து வாத்து மூன்று நாள் பயிற்சிக்குத் தலைவியை அழைத்தது.

புள்ளி கிளம்பும்போது வீட்டுக்காரரான கொண்டைச்சேவல் குறுக்கே நின்றார். "நாலு பேர் முன்னால உனக்குப் பேச வராது. நான் போயிட்டு வர்றேன். எல்லாம் ஒண்ணுதானே."

புள்ளி வழிவிட்டுத் திரும்பினாள்.

சேவல் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி நாள் வாத்து சொன்னது: "இனி செய்முறை. பயிற்சிக்கு வந்தவங்க இருபத்தோரு நாள் அடைகாக்கணும்."

"அது வந்து... தலைவி அவதான்."

"பதிவேட்டுல தலைவின்னு கால் பதிச்சது நீங்கதானே?"

வேறு வழியில்லாமல் சேவல் வீடு திரும்பி, புள்ளியின் முட்டைகள் மேல் உட்கார்ந்தார். முதல் வாரம் வருவோர் போவோரை முறைத்தார். மறுவாரம் யாராவது கொக்கரித்தால், "மெதுவா" என்று அதட்டினார்.

அடைகாக்கும் வேலை இல்லாத புள்ளி தினமும் குளத்துக்குப் போய் வாத்திடம் எல்லாவற்றையும் கேட்டறிந்தாள். நிழலில் ஈரமணல் பரப்பி, அதன்மேல் பானை வைத்து, அடைக்கு வைக்கும்வரை முட்டைகளை அதில் சூடுபடாமல் காக்கும் வழியை மற்றக் கோழிகளுக்கும் காட்டினாள். கூமுட்டை குறைந்தது.

சேதி பரவி, பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் கற்றுக்கொள்ள வந்தன. வழக்கம்போல் எல்லாரும் சேவலைப் பார்த்தார்கள். அவர் இறக்கைக்குள் ஒன்பது குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"அவளைக் கேளுங்க," என்றார் சேவல். "சத்தம் போடாம கேளுங்க."