நாலு கயிறும் போதாத பைக்

அன்று நான் நனைந்தது மழையிலா வியர்வையிலா, சரியாக நினைவில்லை. மசாகா சாலையில் நின்றுபோன என் பைக்கைப் பலகை வைத்து வேனில் ஏற்றி, ஹேண்டிலை இருபுறமும் இழுத்துக் கட்டினார் டிரைவர் கக்வா.

"முன்னாடி ஒரு அம்மாதான் இருக்காங்க. வந்து உக்காருப்பா."

எட்டிப் பார்த்தேன். "வேணாண்ணே, பைக் சாஞ்சிடும். நான் புடிச்சுக்கறேன்."

"நாலு கயிறு கட்டியிருக்கேன். அது பைக்கா, உன் பொண்டாட்டியா?"

வழியெல்லாம் பைக்கைக் கட்டிப்பிடித்தபடி குலுங்கினேன். முன் இருக்கையில் தெரிந்த முதுகில், கல்யாணத்துக்கு என் மாமியாருக்கு நான் தைத்துக் கொடுத்த மஞ்சள் அங்கி. மாமியார் அருகில் மருமகன் உட்காருவது எங்கள் ஊரில் பெரிய குற்றம்.

வேன் நின்றதும் இறங்கியவர் வேறு யாரோ.

"இந்த அங்கி ஏதும்மா?"

"சந்தையில வாங்கினேன் தம்பி. யாரோ ஒரு தடவகூட போடாம வித்துட்டாங்களாம்."

இப்போது பைக் ஓடுகிறது. கக்வா என்னைப் பார்த்தால் இன்னும் சிரிக்கிறார். மாமியாரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. முகம் பார்த்துப் பேசவும் எங்களுக்கு வழக்கமில்லை.