அசையாத மீட்டர்

"இந்த வருஷம் குளிரே இல்ல. அப்புறம் எப்படி என் ஹீட்டர் மீட்டர் இந்த ஓட்டம் ஓடுது?"

மாடிப்படியில் இரேனா அம்மாவை மறித்துக்கொண்டு கேட்டான் டாரெக். லூப்ளினில் அந்தப் பழைய குடியிருப்பின் சங்கத் தலைவி அவர். கையில் உருளைக்கிழங்குப் பை.

"குளிர் இல்லையா? காலையில உறைஞ்சு போன என் கார் பூட்டுல வெந்நீர் ஊத்தித் திறந்தேன். நீ எந்த ஊர்ல இருக்கே?"

"போன வருஷம் தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்கினோம். இந்த வருஷம் வெறும் சட்டை. ரெண்டு மாசக் குழந்தை போர்வையை உதைச்சுத் தள்ளிட்டுத் தூங்குது. இதுக்குப் பேர் ஜனவரியா?"

"உன் இரண்டாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் வெயில் அடிக்குது போல."

"வெயில் இல்லம்மா. திருட்டு."

டாரெக் கட்டை விரலால் மேலே காட்டினான்.

"எனக்கு நேர் மேல, அஞ்சாம் நம்பர். வித்தோல்ட் ஐயா. அவர் மீட்டர் ரெண்டு மாசமா அசையல. வெந்நீர் ஓடுற ரேடியேட்டரை எல்லாம் மூடி வச்சுட்டு, என் கூரை வழியா ஏறுற சூட்டுல காலை நீட்டிப் படுத்திருக்கார். நான் எரிக்கிறேன், அவர் காயறார்."

இரேனா அம்மா பையை இறக்கி வைத்தார். அந்தக் கட்டடத்தில் இது புதுக் குற்றச்சாட்டில்லை. சுவருக்குச் சுவர் இந்தச் சந்தேகம் உண்டு.

"பாவம், வயசானவர்."

"வயசானவர் செய்யற வேலையா? தினமும் சாயங்காலம் கதவைத் தட்டி, 'வீடு சூடா இருக்கா தம்பி?'ன்னு விசாரிக்கிறார். நான் இல்லாதப்போ என் பொண்டாட்டி யுஸ்தினாகிட்ட, 'ரேடியேட்டரைக் குறைச்சிடாதேம்மா'ன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கார். என் வீட்டு அடுப்புக்கு அவர் காவல்."

"சரி, என்ன செய்யணுங்கறே?"

"விதி இருக்கே. மீட்டர் அசையாத வீட்டுக்கு, கட்டடத்திலேயே பெரிய பில் எதுவோ அதைப் போடணும்."

"அவர் பென்ஷன்ல பாதி போயிடும்ப்பா. மருந்து வாங்கணும் அவருக்கு."

"என் சம்பளத்துல போனா பரவாயில்லையா?"

இரேனா அம்மா பெருமூச்சோடு வீட்டுக்குள் போய் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். அதில் முதல் வரி: 'அடுத்தவர் வெப்பத்தில் குளிர்காயும் வீட்டின் எண்.' பக்கத்தில் ஒரு கட்டம்.

டாரெக் உடனே பேனாவைத் திறந்தான்.

"முதல்ல பாரு, அப்புறம் எழுது. மெக்கானிக் ஸிக்முண்டையும் கூட்டிக்கிட்டுப் போ."

சனிக்கிழமை காலை இருவரும் ஐந்தாம் எண் கதவைத் தட்டினார்கள்.

வித்தோல்ட் ஐயா திறந்தார். மேல்கோட்டு, கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி சாக்ஸ். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

"வாங்க தம்பி. பூட்ஸைக் கழட்ட வேண்டாம். தரை ஜில்லுன்னு இருக்கும்."

'நாம வர்றது தெரிஞ்சு ராத்திரியே ஜன்னலைத் திறந்து வச்சிருப்பார்' என்று டாரெக் நினைத்தான். போய்ப் பார்த்தான். கண்ணாடியின் உட்பக்கம் பனி கெட்டியாகப் படர்ந்திருந்தது. ஒரு ராத்திரியில் படர்கிற பனியாகத் தெரியவில்லை.

ஸிக்முண்ட் மூன்று ரேடியேட்டர்களையும் குனிந்து பார்த்தான். மீட்டர் சீல் எதுவும் உடையவில்லை. மூன்றும் மூடியிருந்தன.

"ஏன் ஐயா மூடி வச்சிருக்கீங்க?"

"எனக்குச் சூடு ஒத்துக்காதுப்பா. முப்பது வருஷம் கொதிகலன் ரூம்ல வேலை பார்த்தவன். வாங்கின சூடே இன்னும் மிச்சம் இருக்கு."

சொல்லிவிட்டு இருமினார். பிறகு டாரெக்கிடம், "குழந்தை நல்லாத் தூங்குதா தம்பி?" என்றார்.

"அதை எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

கதவு மூடியது. படியில் நின்று டாரெக் படிவத்தை விரித்தான்.

"நடிப்பு. பார்த்தீங்கல்ல? எழுதிடலாமா?"

ஸிக்முண்ட் கையிலிருந்த மீட்டர் படிக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க வீடு இவருக்கு நேர் கீழதானே? வருஷா வருஷம் எனக்கு முதல் புகார் உங்க வீட்டுல இருந்துதான் வரும், ரேடியேட்டர் சுடலைன்னு. இந்த வருஷம் ஏன் கூப்பிடல?"

"சுடுதே, எதுக்குக் கூப்பிடணும்? குளிரும் இல்ல."

"குளிர் போன வருஷத்தைவிட ஜாஸ்தி சார். இந்தக் கட்டடத்துக் குழாய் பழைய மாதிரி. வெந்நீர் மேல்மாடியில இருந்து வீடு வீடா நுழைஞ்சு கீழ இறங்கும். கடைசி வீடு உங்களோடது. ஆளாளுக்கு எடுத்தது போக வெதுவெதுப்புதான் உங்களுக்கு வரும். உங்களுக்கு முந்தின வீட்டுக்காரர் தன் பங்கை எடுக்காம விட்டா, அது அப்படியே உங்களுக்கு இறங்கிடும், உங்க மீட்டரும் ஓடும். கொதிகலன்ல வேலை பார்த்தவருக்கு இது தெரியாம இருக்குமா?"

டாரெக் விரித்த படிவத்தை மடித்தான்.

"எப்போ மூடினார்னு உங்க கருவி சொல்லுமா?"

"சொல்லும். நவம்பர் பதினேழு."

எடைக் குறைவாகப் பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்த நாள் அது. படியில் எதிரே வந்த வித்தோல்ட் ஐயா துணியை விலக்கி முகம் பார்த்ததும், "இவ்வளவு சின்னதா இருக்கே" என்றதும் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அவன் வீட்டுக் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. யுஸ்தினா மெல்லிய சட்டையோடு நின்றாள்.

"என்னங்க, நம்பரை எழுதியாச்சா?"

"இதோ" என்றான் டாரெக். படிவத்தை மேஜைமேல் வைத்து, 'அடுத்தவர் வெப்பத்தில் குளிர்காயும் வீட்டின் எண்' என்ற இடத்தில் எழுதினான்: 'இரண்டு.'