பின் சீட்டின் தீர்ப்பு

ஷோரூம் வாசலில் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் ஃபகருன்னிசா. அதைப் பார்த்த அப்பாஸுக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

பெண்டாட்டிக்கு முதுகு வலித்தால் மகிழ்கிற கெட்டவன் இல்லை அவன். பழைய பைக்கில் அவளைப் பேரிகை வரை கூட்டிப்போய்த் திரும்பியிருந்தான், அவ்வளவுதான். பாகலூர் தாண்டி வந்த பள்ளங்களில் ஒன்றைக்கூட விடாமல் இறக்கி ஏற்றினான் என்பது உண்மை. பழசு எவ்வளவு மோசம் என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா?

கல்யாணத்துக்கு முந்தி வாங்கிய டூரிங் பைக் அது. கூர்க், வயநாடு, ஏற்காடு என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் சுமந்து சுமந்து எலும்பெல்லாம் தேய்ந்துவிட்டது. அது தெருமுனையில் திரும்பும்போதே நாய்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.

அதே வண்டியின் புது மாடல் இந்த ஷோரூமில் நீல நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அப்பாஸுக்குத் தூக்கமில்லை. கம்பெனி ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து, அதன் சீட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவான். சேல்ஸ்மேன் ஹரீஷ்குமார் இப்போதெல்லாம் அவனைப் பார்த்தால் எழுந்திருப்பதுகூட இல்லை.

வாங்கவிடாமல் தடுத்தது ஃபகருன்னிசாவின் ஒரே ஒரு நிபந்தனை. பின்னால் உட்காரப்போகிறவள் தான்தான், அதனால் தீர்ப்பும் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள். ஒரே நாளில், ஒரே ரோட்டில் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்வாளாம். அதற்கு மேல் பேச்சு கிடையாதாம்.

அவளோடு மல்லுக்கட்ட முடியாது. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்து, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வருகிற புலம்பலையெல்லாம் வாரம் முழுக்கக் கேட்டுப் பதில் சொல்கிறவள். வீட்டுக்குள் அவளிடம் வாயைக் கொடுத்து அப்பாஸ் மீண்டதாகச் சரித்திரமே இல்லை.

வண்டி மேல் ஏறிவிட்டால் மட்டும் அவள் வேறு ஆள். கம்பெனிக் கதை, சொந்தக்காரர் கதை, அரசியல் என்று வழி நெடுக அவன் அளந்துகொண்டே வருவான். எதற்கும் மறுத்து ஒரு வார்த்தை வராது. நடுநடுவே தோளில் அன்பாக ஒரு தட்டு மட்டும் விழும். தங்கள் குடும்பம் இத்தனை வருஷம் ஒழுங்காக ஓடுவதற்குக் காரணமே இந்த லாங் ரைடுகள்தான் என்று நண்பர்களுக்கு அவன் அறிவுரை சொல்வதுண்டு.

ஃபோனில் யாருக்கோ கன்னடத்தில் விலை சொல்லிக்கொண்டே புது வண்டியின் சாவியை நீட்டினான் ஹரீஷ்குமார்.

இந்த முறை அப்பாஸ் ஓட்டிய ஓட்டே வேறு. முட்டைக்கூடை கட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றிக்கொண்டு போனான். ஸ்பீடு பிரேக்கருக்கு மரியாதை கொடுத்து ஏறி, மரியாதை கொடுத்து இறங்கினான். வண்டியும் பட்டுத்துணி மேல் உருளுவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தான். ஷிஃப்ட் சூப்பர்வைசர் மாதப்பன் இந்த வாரம் செய்த அட்டூழியத்தை அவன் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"மாதப்பன்னா யாருங்க?"

அப்பாஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருஷக்கணக்காக மாதப்பன் புராணம் பாடாமல் அவன் எந்த ஊருக்கும் போனதில்லை. அப்புறம் தானே சமாதானம் செய்துகொண்டான். சீட் சுகத்தில் மெய்மறந்து கிடக்கிறாள், வேறென்ன?

திரும்பி வந்ததும் அவள் முதுகைப் பிடிக்காமல் இறங்கினாள். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஹரீஷ்குமார் ஃபோனை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

சீட் வீட்டு சோபாவைவிடச் சுகமாக இருக்கிறது என்றாள் அவள். குலுக்கலே தெரியவில்லை, கால் மரத்துப் போகவில்லை, போகும்போது இருந்த முதுகுவலி வரும்போது காணோம். இப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்ததே இல்லை என்றும் சொன்னாள். அப்பாஸ், அந்த வண்டியைத் தானே வடிவமைத்தவன்போல நெஞ்சை நிமிர்த்தி நின்றான். ஹரீஷ்குமார் பேனாவைத் திறந்தான்.

"பழசே இருக்கட்டும்ங்க," என்றாள் ஃபகருன்னிசா.

திறந்த பேனா அப்படியே நின்றது. முதுகு சாய்ந்துகொள்ள பேக் ரெஸ்ட் ஒன்று இலவசமாகப் போட்டுத் தருவதாக ஹரீஷ்குமார் சொல்லிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அப்பாஸ் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். முகத்தில் ஈயாடவில்லை.

"உன் முதுகுக்காகத்தானே நிசா இவ்ளோ பாடும்?"

"முதுகுவலிக்கு மாத்திரை இருக்குது, போட்டுக்கிறேன்," என்றபடி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, சேல்ஸ்மேனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தினாள்.

"புதுசுல நீங்க பேசுறதெல்லாம் காதுல விழுதுங்க."