குடைக்காரர் போட்ட மார்க்

போன வருஷம் மழை விடாமல் கொட்டிய ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே என் சின்ன மகள் சொன்னது இது. நகரத் திட்ட அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்றே வாரம்.

"அம்மா, எங்க அதிகாரி மாதிரி ஒரு கல்நெஞ்சுக்காரரை நீ பார்த்திருக்கவே மாட்டே" என்றுதான் ஆரம்பித்தாள்.

பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெரு. முப்பது வீடுகள், இன்றைக்கா நாளைக்கா என்று நிற்பவை. அவற்றை இடித்துவிட்டு, அதே இடத்தில் அதே ஆட்களுக்குப் புது வீடு கட்டித்தர ஒரு நிதி இருக்கிறது. அதிகாரி வந்து பார்த்து, தெருவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்.

இரண்டு தடவை மனு திரும்பி வந்துவிட்டது. இது மூன்றாவது. இதுவும் போனால் அவ்வளவுதான்.

அதனால் தெருவே ராப்பகலாக வேலை பார்த்திருக்கிறது. விரிசலுக்கெல்லாம் சிமெண்ட், சுவருக்கெல்லாம் வெள்ளை. முதல் வீட்டு மாடியில் இருக்கும் தையல்காரம்மா, ஆடுகிற படிக்கட்டுக் கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டி, பச்சை பெயிண்டும் அடித்து வைத்திருந்தார். அவர் மருமகளுக்கு ஏழாம் மாசம். தண்ணீருக்காக அந்தப் படியில் தினம் நாலு தடவை ஏறி இறங்குகிற பெண்.

"இந்தத் தடவை பாஸ் பண்ணி விட்டுடுங்க சார். கைக்குழந்தையோட இவ இந்தப் படியில இறங்கறதை நினைச்சாலே பயமா இருக்கு."

அதிகாரி நேராகச் சுவர்ப்பக்கம் போனார். வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு நீளக் குடை இருக்கும். அலுவலகத்தில் அவருக்குப் பேரே குடைக்காரர். குடை நுனியால் சுவரில் ஒரு குத்து. பூச்சு பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ, நேத்துதான் சார் பூசினோம்!"

"சுவர், மூணு மார்க். எழுதிக்கோம்மா."

என் மகள் எழுதினாள்.

அடுத்தது கைப்பிடி. இழுத்தார். வரவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இவர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே சொன்னாராம், "கைப்பிடி, இல்லை. பூஜ்யம்."

எதிர்வீட்டு வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க பார்க்க வந்தீங்களா, இடிக்க வந்தீங்களா?"

தையல்காரம்மா அழுதே விட்டார். "மூணு நாள் மிஷின்ல உட்காராம அடிச்ச பெயிண்ட் சார்!"

உள்ளங்கையில் ஒட்டிய பச்சையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு குடைக்காரர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு ஜன்னல் கதவு கழன்றது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனசு ஆறவில்லை. "பாவி மனுஷன்! கடவுள் பார்த்துக்கிட்டுதானே இருக்கார்!" என்று சொல்லிவிட்டேன்.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் மகள். "ஜீப்ல திரும்பும்போது நானும் கேட்டேன், ஏன் சார் இப்படின்னு. ஃபைலை நீட்டி, நாலாம் பக்கம் படின்னார்."

நாலாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: நாற்பதுக்கு மேல் மார்க் எடுக்கும் தெருவுக்குப் பழுதுபார்த்தால் போதும், புது வீட்டுக்கு நிதி கிடையாது.

"முதல் தடவை நாற்பத்திரண்டு, அடுத்த தடவை நாற்பத்தாறு" என்றாராம் குடைக்காரர். "திரும்பி வர வர இன்னும் நல்லா பூசுறாங்க. பூசப் பூச மார்க் ஏறுது. நான் என்ன பண்ண?"

"அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடலாமே சார்?"

"சொல்லக் கூடாதுன்னு அஞ்சாம் பக்கத்துல இருக்கு."

"அப்போ ஆபீஸ்ல உட்கார்ந்தே முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கலாமே சார்? அந்தம்மாவை அழவெச்சு, நீங்களும் விழுந்து..."

குடைக்காரருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டதாம்.

"பொய் மார்க் போடச் சொல்றியா? இருபத்தொம்பது வருஷத்துல, இருக்கிறதை இல்லைன்னு நான் ஒரு தடவைகூட எழுதினதில்லம்மா. அதனாலதான் முதல்ல பிடுங்கினேன். அப்புறம் எழுதினேன்."

அன்று ராத்திரி பிரார்த்தனையில், அந்த மனுஷனைப் பாவி என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நாற்பது நாளில் நிதி வந்துவிட்டது. தையல்காரம்மா குடும்பம் இப்போதைக்குத் தகரக் கூரை போட்ட தற்காலிக வீட்டில் இருக்கிறது, படியே கிடையாது. "அந்தக் குடைக்காரன் எவ்வளவு படுத்தினான்! ஆனா நாம அடிச்ச வெள்ளை நம்மைக் காப்பாத்திடுச்சு" என்றுதான் தெருவில் இன்னமும் பேச்சு.

புது வீடுகள் பாதிதான் எழும்பியிருக்கின்றன. அந்தக் குழந்தை புதுப் படியில் கைப்பிடியைப் பிடித்து நடக்கிற வரைக்கும், தயவுசெய்து இதை நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.